ரப்பர் ஷீட்

"உங்கப்பா உக்காந்த சீட்டை வெறும் சோப்புத் தண்ணியில துடைச்சா போதுமா? ஆசிட்தான் ஊத்தணும்!"

வாசலில் நின்ற காருக்குள் தலையை விட்டபடி கத்தினார் பல் டாக்டர். முகத்தில் மாஸ்க், கையில் கிளவுஸ், ஏசி இடுக்குத் தூசியை எடுக்க ஒரு பழைய டூத் பிரஷ். ஊரார் வாயையெல்லாம் முகம் சுளிக்காமல் பார்க்கிற மனுஷர், சொந்தக் காரின் பின் சீட்டைப் பார்த்தால் மட்டும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்.

"மெதுவாப் பேசுங்க. அப்பா உள்ளதான் இருக்கார்," என்றாள் மனைவி.

"கேக்கட்டுமே. அவரே ஒத்துக்கிட்டவர்தானே?"

ஒத்துக்கொண்டவர்தான். நாலு மாதத்துக்கு முன் பின் சீட்டுப் பக்கம் ஒரு புளித்த வாடை கிளம்பியது. டாக்டர் வீட்டையே வரிசையில் நிற்க வைத்து விசாரித்தார். பாப்பா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். மாமனார்தான் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தார்.

"என்னாலதான் மாப்பிள்ளை. வயசாச்சு இல்லையா... சில சமயம் என்னை அறியாமலே..."

அதற்கு மேல் சொல்ல விடாமல் தடுத்திருக்கலாம். டாக்டர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். மறுநாளே, கைக்குழந்தைக்கு விரிக்கிற ரப்பர் ஷீட் ஒன்றை வாங்கி வந்து மாமனார் உட்காரும் இடத்தில் விரித்தார்.

தினமும் காலையில் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது மாமனாரும் கூடவே வந்து நூலகத்தில் இறங்கிக்கொள்வார். ரப்பர் ஷீட் மேல் உட்கார்ந்து இரண்டு வாரம் போனார். பிறகு, "எனக்கு பஸ்ஸே வசதி மாப்பிள்ளை. காத்து நல்லா வருது," என்று சொல்லிவிட்டார்.

இன்று சொந்தத்தில் ஒரு கல்யாணம். எல்லோரும் காரில். மாமனார் மட்டும் பஸ்ஸில்.

"அப்பா இதுல ஏறி மூணு மாசத்துக்கு மேல ஆச்சு. இன்னும் எப்படிங்க நாறும்?"

"ஊறிப் போச்சு!"

மாமனார் துணிப்பையோடு வெளியே வந்தார். காரில் உரசிவிடாமல் ஓரமாக ஒதுங்கி நடந்தார்.

"நான் முன்னாடி போறேம்மா. பஸ் போயிடும்."

மனைவி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

டாக்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கால் மிதியை எடுத்து எறிந்தார். முன் சீட்டைத் தள்ளி, அதன் பின்னால் தரையோடு ஒட்டியிருந்த கார்ப்பெட்டைப் பிடித்து இழுத்தார். நாற்றம் மாஸ்க்கையும் தாண்டி வந்தது.

அது மாமனார் உட்காரும் பக்கம் இல்லை. பாப்பா உட்காரும் பக்கம்.

அடியிலிருந்த ஸ்பாஞ்ச் முழுக்க மஞ்சள் மஞ்சளாக, கட்டி கட்டியாகத் திரிந்து போயிருந்தது பால்.

அந்தக் காருக்குள் யாரும் எதையும் தின்னக் கூடாது. பாப்பாவின் பாலுக்கு மட்டும் அனுமதி உண்டு. "பல் டாக்டர் பொண்ணோட பல்லு கல்லு மாதிரி இருக்க வேண்டாமா?" என்பார். பள்ளிக்கூட வாசலில் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினால்தான் கார் கதவு திறக்கும்.

"பாப்பா!"

புது கவுனோடு ஓடிவந்த ஏழு வயசு, பிய்ந்து கிடந்த கார்ப்பெட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது.

"எனக்குப் பால் பிடிக்கலப்பா. நீங்க பாட்டில் காலியாகணும்னு சொன்னீங்களா, அதான்..."

பளாரென்று விழுந்தது அறை. முன்பு ஒரு தடவை சீட்டில் பிஸ்கட் தூள் கிடந்ததற்கும் இப்படித்தான் விழுந்தது.

அறைந்த பிறகுதான் டாக்டருக்கு உறைத்தது. அப்படியானால் மாமனார்? ஐயோ பாவம், நாம்தான் போலிருக்கிறது என்று மனுஷர் தன்னைத்தானே சந்தேகப்பட்டு, இத்தனை நாளாகக் கூனிக் குறுகியிருக்கிறார். அவரைப் பார்த்து என்னவெல்லாம் பேசிவிட்டோம்! நினைக்கவே கூசியது.

கார்ப்பெட்டைத் திரும்பப் போடக்கூட நிற்கவில்லை. மனைவியையும் பாப்பாவையும் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு விரட்டினார். நல்லவேளை, பஸ் இன்னும் வரவில்லை.

"ஏறுங்க மாமா."

"எதுக்கு மாப்பிள்ளை? இதோ பஸ் வந்துடும்."

"தயவுசெஞ்சு ஏறுங்க."

மாமனார் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு துணிப்பைக்குள் கையை விட்டு, கழுவி நாலாக மடித்து வைத்திருந்த ரப்பர் ஷீட்டை எடுத்தார்.

"என்னிக்காவது நீங்க கூப்பிட்டா வேணுமேன்னு கூடவே வச்சிருக்கேன்," என்று பின் கதவைத் திறந்து விரிக்கப் போனார்.

டாக்டர் இறங்கி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் மாமா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. என்னை மன்னிச்சிடுங்க. கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துட்டேன்."

மாமனார் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தார் டாக்டர். அந்த முகமோ வெளுத்தது.

"ஐயையோ, பாப்பாவை அடிச்சிட்டீங்களா மாப்பிள்ளை? அது நடக்கக் கூடாதுன்னுதானே நான்..."

உள்ளே பாப்பா, தாத்தா பார்த்துவிடாதபடி, சிவந்திருந்த கன்னத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள்.