பேதித்துறை சம்பந்தம்

"தண்ணி வேணாம்!"

நீட்டிய தம்ளரைச் செந்தில்நாதன் புறங்கையால் தள்ளினார். பாகூரில் எட்டுக் காணி கரும்பு போடுகிறவர். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த இடத்தில் கை நனைத்தால் சம்மதம் என்றாகிவிடும். நனைக்காமல் கிளம்புவது என்று வரும்போதே முடிவு கட்டியிருந்தார்.

மாப்பிள்ளை புகழ்வேந்தனிடம் ஒரு குறையும் இல்லை. சேதராப்பட்டு கம்பெனியில் மகள் வினோதினியோடு வேலை செய்கிற பையன். கட்டினால் அவனைத்தான் என்று அவள் இரண்டு வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

குறையெல்லாம் ஊரில்தான். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரன் போர்க்கப்பல் நின்ற புன்னைத்துறையை, சுற்றுவட்டாரமே இன்றும் பேதித்துறை என்றுதான் சொல்கிறது. சம்பந்தி எந்த ஊர் என்று நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது? வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"பேரே நாறுதே, எப்புடித்தான் வந்துச்சோ!"

"கெட்டுப்போன எறாவத் தின்னு கப்பல்காரனுங்களுக்குப் புடுங்கிக்கிச்சாம் மாமா" என்றார் மைத்துனர் சாமிக்கண்ணு.

"இல்லண்ணா, சாராயம்னு கேள்விப்பட்டேன்" என்றாள் தங்கை கஸ்தூரி.

"இன்னா சாராயம்? சுத்தம் கெடயாது, அவ்ளோதான்!" செந்தில்நாதன் மூக்கைச் சுளித்தார். "எங்க வம்சம் அப்புடியா? எங்க முப்பாட்டனுக்குக் கப்பல் கேப்டனே பீப்பாய் பரிசு குடுத்தான். இன்னிக்கும் வெதநெல்லு அதுலதான். அந்த வூட்டுப் பொண்ண இங்க குடுக்கணுமா?"

வலைக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளையின் அப்பா தங்கவேல், தம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்க ஊருல வேற சொல்லுவாங்க. கப்பலுக்குக் குடிதண்ணி ரொப்பித் தர்றேன்னு வெளியூர் ஆளு ஒருத்தரு ஏத்துக்கிட்டாராம். கெணத்துல எறைக்க சோம்பல்பட்டு, மாடு குளிக்கிற குட்டையில மொண்டு குடுத்துட்டாரு. கப்பல் பூரா பேதி. சிப்பாயிங்க தேடி வர்றதுக்குள்ள வண்டிய ஓட்டிக்கினு மேக்கால ஓடிட்டாரு."

"த்தூ!" செந்தில்நாதனுக்கு உடம்பே கூசியது. "மனுசனா அவன்? அவன் வம்சத்துல எவனாச்சும் கெடச்சா இழுத்துக்கினு வாங்க, மூஞ்சியிலயே துப்புறேன்!"

தங்கவேல் அதே தம்ளரை எடுத்து மறுபடியும் நீட்டினார்.

"குடிங்க. அன்னிக்குத் தண்ணி ரொப்ப எடுத்துக்கினு போன பீப்பாயில ஒண்ணு மட்டும் கப்பலுக்குத் திரும்பவே இல்லயாம், சம்பந்தி!"