செருப்பு வரிசை

மோர்ப்பானையை இறக்கி வைத்தபோதுதான் அவள் அந்தச் செருப்பைப் பார்த்தாள்.

இடது வாரில் நீல நூல். தைத்தவளே அவள்தான்.

மருத்துவ முகாமுக்கு வருகிறவர்களுக்கு மோர் ஊற்றுவது மகளிர் குழுவின் பொறுப்பு. பள்ளிக்கூட வராந்தாவில் இரண்டு வரிசை. சர்க்கரைப் பரிசோதனைக்கு ஆட்கள் நின்றார்கள், வாய் ஓயாமல் பேசிக்கொண்டு. பக்கத்து அறைக்கு வெறும் செருப்புகள் நின்றன.

அந்த அறை வாசலில் பேனர் தொங்கியது. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்ப் பரிசோதனை. இலவசம்.

செருப்புக்கு உரியவர்கள் எதிர்த்த டீக்கடையில் இருந்தார்கள். அந்த வரிசையில் நின்றால் ஊர் என்னென்ன பேசும் என்று அவர்களுக்குத் தெரியாதா? பேசுகிற ஊரே அவர்கள்தானே. முறை வந்ததும் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். செருப்பை மாட்டினார்கள். சட்டென்று உள்ளே நுழைந்துகொண்டார்கள்.

அவள் புருஷனுடைய செருப்புக்கு முன்னால் இன்னும் ஒரு ஜோடிதான் இருந்தது.

பம்புசெட் மோட்டாரை ரிப்பேர் பார்க்கச் சாத்தூர் போவதாகக் காலையில் சொல்லிவிட்டுப் போன மனிதர்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

எத்தனையோ நாள் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து ஒன்றுக்குப் போகிறார். போய்ச் சும்மா நின்றுவிட்டு வருகிறார். கேட்டால், வயசானால் அப்படித்தான் என்பார். அவருடைய அண்ணனும் அதைத்தான் சொன்னார். இடுப்பு வலி என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டே இருந்தார். கண்டுபிடித்தபோது நோய் எலும்பு வரைக்கும் போயிருந்தது.

முன்னால் இருந்த ஜோடி உள்ளே போய், வெளியேயும் வந்துவிட்டது.

நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "அடுத்தது யாருது?"

யாரும் வரவில்லை.

டீக்கடையோரம் மின்கம்பத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. அவர் உடம்புக்கு அந்தக் கம்பம் போதாது.

அவள் இருக்கும்வரை வரமாட்டார். போய்விடலாமா என்று நினைத்தாள். போனால், அதே சாக்கில் அவரும் நழுவிவிடுவார்.

குனிந்து செருப்பைக் கையில் எடுத்தாள்.

"யாருதுக்கா அது? பேரச் சொல்லுங்க, எழுதணும்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை.

"எங்க வீட்டுதும்மா."

உள்ளே போனாள். டாக்டருக்கு எதிரே இருந்த நாற்காலியின் அடியில் வைத்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி பானையிடம் வந்து உட்கார்ந்தாள்.

சித்திரை வெயில். தார் ரோடு. வெறுங்கால்.

எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதர் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்பார்? குதித்துக் குதித்து ரோட்டைத் தாண்டி வந்தார். நேரே அவளிடம் வந்து நின்றார்.

"மோர் குடு."

கொடுத்தாள். குடித்தார். அவள் சாத்தூரைப் பற்றிக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"செருப்பு உள்ள இருக்கு," என்றாள்.

தம்ளரை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நர்ஸ் கதவைச் சாத்தினாள்.

அவரை எப்படியாவது பரிசோதனைக்கு அனுப்பிவிட வேண்டும், இத்தனை நாளும் அவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

இப்போதுதான் பயம் வந்தது.