பவர் கொஞ்சம், சத்தம் அதிகம்

"கழட்டாதீங்க தம்பி. அது அப்படியே இருக்கட்டும்."

தூக்கி நிறுத்திய காருக்கு அடியில் நின்று, சைலன்ஸரின் முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்த டர்போ அப்படியே நின்றுவிட்டான்.

டர்போ என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு சைலன்ஸர் மாற்றி வேகம் கூட்டித் தருகிறவன். அவன் நடப்பது மட்டும் ஆடி அசைந்துதான்.

மஞ்சள் காரை ஓட்டிக்கொண்டு வந்த அந்த அம்மாள் கைப்பையை மடியில் அணைத்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. காரின் சொந்தக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், தனி ஆள். வெளியூரில் ஒரு அக்கா இருப்பதாக எப்போதோ சொன்ன ஞாபகம். அந்த அக்காதான் வந்திருக்கிறார் என்று டர்போ எடுத்துக்கொண்டான்.

"அவர்தானேக்கா காலையில போன் பண்ணினார்? நீ மாட்டினதைக் கழட்டிட்டு, கம்பெனியில வந்த பழசையே மாட்டிடு, வண்டியைக் கொடுத்தனுப்பறேன்னு சொன்னாரே."

"சொல்லியிருப்பார். நீங்க கழட்டாதீங்க."

டர்போவுக்கு தர்மசங்கடமாகிவிட்டது. இந்த சைலன்ஸர் விஷயத்தில் அவனுக்கு ஏற்கெனவே ஓர் உறுத்தல் உண்டு. போன வருஷம் கண்ணாடிக் கடைக்காரர் வந்து நின்றபோது ஒளிவுமறைவில்லாமல் சொல்லிப் பார்த்தான். சைலன்ஸரை மட்டும் மாற்றினால் பவர் பெரிதாக ஏறாது. எஞ்சின் மூச்சு விட இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். ஏறப்போவது சத்தம்தான் என்றான். மனிதர் கேட்டால்தானே? மாட்டி முடித்து, சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டு அளந்து பார்த்தார்கள். கூடியிருந்த குதிரைத்திறன் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஏறியிருக்கிறதல்லவா, அது போதும் என்று குழந்தை மாதிரி சிரித்துவிட்டு, தெருவே திரும்பிப் பார்க்க உறுமிக்கொண்டு போனார்.

வினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. அவருடைய எதிர் வீட்டில் ஒருத்தி பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கிறாளாம். காலையில் பிள்ளைகள் வாயைத் திறக்கிற நேரம் பார்த்துத்தான் இவர் காரைக் கிளப்புகிறாராம். உடனே அவள் வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாளாம். அவள் வாயைத் திறந்தால் கார் சத்தமே தேவலையாம். ஆயில் மாற்ற வரும்போதெல்லாம் கண்ணாடிக் கடைக்காரருக்கு இதே புலம்பல்தான்.

"கடைசியில எதிர் வீட்டு அம்மாவுக்குப் பயந்துட்டாரா?" என்று டர்போ கேட்டான். "அந்த அம்மாவுக்கு இனிமேலாவது நிம்மதி கொடுக்கணும்னு போன்லயும் சொன்னார்."

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டார்.

"பயமெல்லாம் இல்லை. அவருக்கு நெஞ்சுவலி வந்தது உங்களுக்குத் தெரியாதா?"

டர்போ ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

அந்த அம்மாள் நிதானமாக, ஏதோ கதை சொல்வதுபோல் சொன்னார். ஒருநாள் காலை, கடைக்குக் கிளம்பிய கண்ணாடிக் கடைக்காரர் வீட்டு வாசலில் காரைக் கிளப்பியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். கால் மட்டும் ஆக்ஸிலரேட்டரில் அழுந்தியபடி இருந்தது. தினமும் ஓர் உறுமல் உறுமிவிட்டுப் போய்விடும் கார், அன்று போகவும் இல்லை, ஓயவும் இல்லை. எதிர் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பாட்டை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று தெருவைக் கடந்து வந்தாள். திட்டுவதற்கென்றே குனிந்தவள், ஸ்டியரிங்மேல் சரிந்து கிடந்தவரைப் பார்த்தாள். எஞ்சினை அணைத்து, ஆம்புலன்ஸை வரவழைத்து, தானும் கூடவே ஏறிப் போனாள். இன்னும் சற்று தாமதித்திருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டர்போ யோசித்தான். கம்பெனி சைலன்ஸராக இருந்திருந்தால் அந்த எஞ்சின் அடங்கின குரலில் முனகிக்கொண்டே கிடந்திருக்கும். யார் திரும்பிப் பார்த்திருப்பார்கள்? ஒரு வருஷமாக எந்த வேலையை நினைத்து மனசு கூசினானோ, அந்த வேலையை அண்ணாந்து பார்த்தான். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாள் எதிரே வந்து நின்றான்.

"அந்த அம்மா மகராசியா இருக்கணும்க்கா. என் சார்பாவும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொல்லிட்டா போச்சு."

"ஆனா ஒண்ணு. விஷயத்தைக் கேட்டப்புறம், அவர் சொல்றதுதான் எனக்கு நியாயமாப் படுது. உயிரைக் காப்பாத்தினவங்களுக்குக் காலை நேரத்து நிம்மதியையாவது திருப்பிக் கொடுக்கணும்னு ஆசைப்படறார். நாம அதைக் கெடுக்கக் கூடாது. கழட்டிடறேன்."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடியும் காருக்கு அடியில் போனான். அந்த அம்மாள் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, அவன் கையை மெல்லப் பிடித்து நிறுத்தினார்.

"அந்த எதிர் வீட்டுக்காரி நான்தான் தம்பி. சத்தம் கேட்காத இத்தனை நாளும், மனுஷன் எழுந்தாரா இல்லையான்னு ஜன்னல்லயே நின்னு எட்டி எட்டிப் பார்க்கறேன். நாளைக்கு அவர் மறுபடி வண்டியை எடுக்கறப்போ, எனக்குக் கேட்கிற மாதிரி நல்லா உறுமட்டும்."