யாராவது திட்டுங்களேன்!

“எந்திரி! இது யார் நாற்காலின்னு தெரியுமா?”

பஞ்சு சார் போட்ட சத்தத்தில் சமூகவியல் துறையே ஆசிரியர் அறை வாசலில் கூடிவிட்டது. மெத்தென்று பேசுவார் என்பதால்தான் அவருக்கு அந்தப் பட்டப்பெயர். இன்றைக்குப் பஞ்சில் தீப்பிடித்திருந்தது.

அவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி. ஆள் சின்னதாக இருப்பதால் எல்லோருக்கும் ‘குருவி’.

“சார், நாற்காலிக்கு மரியாதை நாமளா கொடுக்கறதுதான்னு நீங்கதானே சொன்னீங்க…”

“வகுப்புல ஆயிரம் சொல்வேன்! அதையெல்லாம் இங்க தூக்கிட்டு வருவியா? வெளிய போ!”

குருவி வெளியே வந்தாள். வாயெல்லாம் பல்.

“திட்டிட்டாருடீ!” என்று தோழியைக் கட்டிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். எழுதப்படாத விதி ஒன்றை மீற வேண்டும். பார்ப்பவர்கள் எப்படிக் கடுப்பாகிறார்கள் என்று அறிக்கை எழுத வேண்டும். கள ஆய்வுப் பாடம். யாரும் கடுப்பாகவில்லை என்றால் பூஜ்யம் என்பது துறைத்தலைவி போட்ட சட்டம். அதை மாற்றப் பாடம் நடத்தும் பஞ்சு சாராலும் முடியாது. குருவிக்கு ஏற்கெனவே பாக்கி வைத்த பாடங்கள் உண்டு. இதுவும் ஊத்திக்கொண்டால் ஒரு வருஷம் போச்சு.

அவளும் முயற்சி செய்யாமல் இல்லை. லிஃப்டில் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். மற்றவர்கள், புது விதி போலிருக்கிறது என்று தாங்களும் திரும்பி நின்றுகொண்டார்கள்.

காலி பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒரு பெரியம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். “வாம்மா, பேச்சுத்துணைக்கு ஆளில்லையேன்னு நினைச்சேன்” என்று அந்தம்மா மருமகள் புராணத்தை ஆரம்பித்துவிட்டார்.

வீட்டில் விருந்தாளி மாதிரி, “கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?” என்று கேட்டுப் பார்த்தாள். “இப்பவாவது மரியாதை வந்துச்சே!” என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

உலகம் இவ்வளவு நல்லதாக இருந்தால் ஒரு பெண் எப்படித்தான் பாஸாவது?

அதனால்தான் நாற்காலி. அறிக்கையில் வெளுத்து வாங்கினாள். ‘சமத்துவமெல்லாம் வாயோடு சரி, நாற்காலி என்று வந்துவிட்டால் பேராசிரியரும் மகாராஜாதான்.’

துறைத்தலைவி அதை வகுப்பிலேயே வாசித்துக் காட்டிப் பாராட்டினார். குருவி பாஸ்.

பஞ்சு சாரின் மானம்தான் கப்பலேறியது. அவர் கேன்டீனுக்குள் நுழைந்தால், “யார் நாற்காலின்னு தெரியுமா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். முதலாம் ஆண்டு வாண்டுகள்கூட விடவில்லை. அவர் காதில் விழாத மாதிரி டீயை ஆற்றிக்கொண்டிருப்பார்.

புள்ளியியல் மேடத்துக்கு மனசு ஆறவில்லை. ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டேவிட்டார்.

“இத்தனை வருஷமா உங்களைப் பார்க்கறேன். பியூன் நின்னுட்டிருந்தாகூட ‘உட்காருங்க’ன்னு சொல்ற மனுஷன். ஒரு நாற்காலிக்காகப் போய் அப்படிக் கத்தலாமா சார்? இரட்டை வேஷம்னு பிள்ளைங்க சிரிக்குதுங்க. எனக்கே கஷ்டமா இருக்கு.”

பஞ்சு சார் எட்டிப் பார்த்துக் கதவைச் சாத்தினார். பழைய பஞ்சுக் குரல் திரும்பியிருந்தது.

“முந்தின நாள் நம்ம ஜன்னலுக்கு வெளிய நின்னு, ‘ஒரு மனுஷனும் என்னைத் திட்ட மாட்டேங்கறாங்கடீ’ன்னு அழுதுட்டிருந்தா மேடம். நானும் ‘பரவாயில்லை, உட்காரும்மா’ன்னு சொல்லியிருந்தா, அந்தப் பொண்ணுக்கு ஒரு வருஷம் போயிருக்குமே!”