அங்க அடையாளம்

"கொடி பிடிச்சவனெல்லாம் இன்னைக்கு நம்ம சாட்சிக்கு வந்து நிக்கிறான்" என்றார் மிராசுதார் உலகநாதன், யாரையும் பார்க்காமல்.

கண்ணுசாமி ஓர் அடி முன்னால் வந்தான். பூவம்மாள் மகனின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு விடவே இல்லை.

நன்னிலம் தாலுகா ஆபீஸ். ஆட்சி மாறியபின் சுவரில் மாட்டிய புதுப் படத்துக்குக் கீழே ஒரே ஒரு பெஞ்சு. அதில் மிராசுதார் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

போன அறுவடையில் கூலித் தகராறு முற்றியபோது, இவர் வீட்டு வாசலுக்கு அரிவாளோடு ஓடியவன் கண்ணுசாமி. குறுக்கே விழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டவள் பூவம்மாள். அதற்குப் பிறகு தெருவுக்கும் பண்ணைக்கும் பேச்சில்லை.

ஆனால் உறவல்லாத ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள். தெருவில் எல்லாரும் உறவு. பூவம்மாளின் புருஷன் வைரக்கண்ணுவை இளவயதில் அறிந்த மற்றவர்களில் ஊரில் மிஞ்சியிருந்தது இவர் ஒருவர்தான்.

நேற்று பூவம்மாள் பண்ணைவீட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்று கேட்டாள். அவர் உள்ளே போய்விட்டார். காலையில் முதல் பஸ்ஸில் தானாகவே வந்து இறங்கியிருந்தார்.

 யுத்தம் நடந்தபோது, பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று பூவம்மாளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனவன் வைரக்கண்ணு. கண்ணுசாமி அப்போது வயிற்றில் இருந்தான்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஊர் அவனை ஓடிப்போனவன் என்றது. வயலில், கடையில், திருவிழாவில், கண்ணுசாமி ஓடிப்போனவன் மகனாகவே வளர்ந்தான்.

அந்தப் பேரைத் துடைக்க அவன்தான் மனு மேல் மனுப் போட்டுப் பட்டாளத்து ரிக்கார்டு ஆபீஸிலிருந்து பதில் வாங்கினான். பதிலில் ஒரு சிக்கல். இந்தத் தாலுகாவிலிருந்து வைரக்கண்ணு என்ற பெயரில் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். ஒருவன் பர்மாவில் குண்டடிபட்டுச் செத்தவன். இன்னொருவன் பயிற்சி முகாமிலிருந்தே ஓடிவிட்டவன்.

குமாஸ்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"உன் புருஷன் உடம்புல அடையாளம் ஏதாவது உண்டாம்மா?"

"முதுகுல தழும்பு இருக்குங்க."

குமாஸ்தா தலையை ஆட்டினார். கண்ணுசாமியின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"எப்படி வந்துச்சு?"

பூவம்மாள் மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மாடு முட்டினதுங்க."

சின்ன வயதிலிருந்து அவன் கேட்டு வளர்ந்ததும் அதுதான். முகம் தெரியாத அப்பாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்த ஒரே கதை.

குமாஸ்தா தாளில் விரலை வைத்து மறுபடி படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஒத்துவரலையேம்மா. செத்தவனுக்கு முதுகு முழுக்க வரிவரியா சவுக்கடித் தழும்புன்னு டாக்டர் எழுதியிருக்கார். மாடு முட்டினா இப்படியா இருக்கும்? மத்தவனுக்கு அடையாளமே எழுதலை. அப்ப உன் புருஷன் அந்த மத்தவன்தான்."

ஓடிப்போனவன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லார் காதிலும் விழுந்தது.

"அம்மா, நல்லா யோசிம்மா" என்றான் கண்ணுசாமி. அவன் அப்படிக் கெஞ்சி அவள் கேட்டதே இல்லை.

"இன்னைக்கு எழுதினா அதுதான் நிலைக்கும்" என்றார் குமாஸ்தா.

பூவம்மாளின் விரல்களுக்குள் மகனின் நாடி துடித்தது.

"மாடுதாங்க" என்றாள். 

குமாஸ்தா பேனாவைத் திறந்தார்.

"நிறுத்துங்க."

மிராசுதார் எழுந்து நின்றிருந்தார். ஒரு கை பெஞ்சைப் பற்றியிருந்தது.

"செத்தவன்தான் இவ புருஷன். மாடெல்லாம் முட்டலை. களத்துல கட்டிவச்சு நான் அடிச்சேன்."



"புண்ணு ஆறினதும் பட்டாளத்துக்குப் போயிட்டான். ஓடிப்போயிட்டான்னு ஊர்ல சொன்னதும் நான்தான். எழுதிக்குங்க."

பூவம்மாளின் பிடியிலிருந்து மணிக்கட்டு திமிறிக்கொண்டு போனது.

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். மாரியம்மா, மாரியம்மா என்று மனசு அடித்துக்கொண்டது. இந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்துதான் அந்த மாட்டை அவள் இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்தாள்.

மேஜை நகரும் சத்தம் கேட்டது. அடி விழும் சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

விழவில்லை.

கண்ணைத் திறந்தாள். மிராசுதார் மேஜைமேல் குனிந்திருந்தார். கையெழுத்துப் போடப் பேனாவைத் தாளில் வைத்தார். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது.

எதிரே கண்ணுசாமி. கண்கள் சிவந்து, தாடை இறுகி, எதுவும் இளகாத முகம்.

அவன் உள்ளங்கை தாளின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தது. கிழவர் கடைசி எழுத்தைப் போட்டு முடிக்கும்வரை அவன் அதை எடுக்கவில்லை.