ஐஸ் பெட்டியில் இளநீர்

கோவளம் கடற்கரையில் பல்கலைக்கழக விழாப் பந்தலுக்குப் பின்னால், ஆய்வு மாணவி ஜெபா ஐஸ் பெட்டியைத் திறந்தபடி நிற்கிறாள். உள்ளே இளநீர்க் காய்கள். விடியலில் படகேறி, வாந்தியெடுத்து, ஆழ்கடலிலிருந்து அவள் கொண்டுவந்து அதில் வைத்திருந்த நீர்ப் புட்டிகள் உச்சி வெயிலில் மணலில் சாய்ந்து கிடக்கின்றன. "இன்னா மேடம் மொறச்சிகினு நிக்கிற? உப்புத்தண்ணி கெட்டுப் பூடுமா இன்னா? தொணவேந்தர் ஐயாவுக்கு எளநி சில்லுனு இல்லன்னா என் வேலதான் பூடும்," என்கிறார் பந்தல் பொறுப்பாளர் பூபாலன். நீர் குளிர்ந்திருந்தால்தான் அதிலுள்ள பாக்டீரியாக்களின் மரபணுக்கள் உண்மையைச் சொல்லும்: எவை கார்பனைக் கடலுக்குள்ளேயே தங்கவைத்தன, எவை அதைத் தின்று காற்றுக்கே மூச்சாக விட்டன என்று. இப்போது சூட்டில் எல்லாமே தின்றுகொண்டிருக்கின்றன, அவளுடைய மூன்றாண்டு ஆராய்ச்சியையும் சேர்த்து. மறுபடி படகு கிடைப்பது அடுத்த ஆண்டுதான். ஒலிபெருக்கி கரகரக்கிறது. "இந்த நுண்ணுயிர்கள் உலகத்தின் புகையையெல்லாம் ஆயிரம் ஆண்டுகளுக்குக் கடலில் பூட்டிவைக்கும்!" என்று முழங்கிய துணைவேந்தர், இளநீரை ஓர் உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, புட்டி ஒன்றைக் கேட்கிறார். ஜெபா மேடையேறி நீட்டுகிறாள். வாங்கியவர் கண்களை மூடிக்கொள்கிறார். "ஆகா, கடல் அன்னையின் கதகதப்பு!" பந்தலே கைதட்டுகிறது. முன்வரிசையிலிருந்து அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர் அவளையே பார்க்கிறார். ஜெபாவும் கைதட்டுகிறாள்.