நண்டு கொடுத்த சம்மதம்

ஒரு வயலில் நண்டும் தவளையும் குடியிருந்தன. எரிவாயு எடுக்க இரும்புக்குழாய் ஒன்று வந்து இடம் கேட்டது. "உர ஆலைகள் ஓடும், வீட்டுக்கு வீடு அடுப்பெரியும்" என்றது.

"நம்ம தண்ணி கெட்டுடும்" என்று மறுத்தது தவளை.

"நாடே நல்லா இருக்கப்போகுது. நீ குறுக்கே நிக்காதே!" என்று அதட்டி, நண்டு சம்மதம் கொடுத்தது. தவளை மனம் நொந்து மகளோடு வெளியேறியது.

குழாய் சொன்னபடியே ஆலைகள் ஓடின, அடுப்புகள் எரிந்தன. வயல் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. சில வருடங்களில் வாயு தீர்ந்ததும் குழாய் துருப்பிடித்தது.

நண்டு மன்னிப்புக் கேட்கப் போனது. சாலையோரக் குட்டையில் தவளையின் மகள் மட்டும் இருந்தாள்.

"அப்பா செத்துட்டாரு மாமா. கடைசிவரைக்கும் வயலைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தாரு. நான் இப்ப உங்களோட வயலுக்கு வரலாமா?"

நண்டால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"வேண்டாம்மா" என்றது.